பொருளில்லாச் சொல்லும் பிசகாத கணக்கும்: புரோகிரசிவ் ராக்கின் சோதனை வரலாற்றில் சொற்கட்டின் இடம்

1

1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஐந்து ஐரோப்பிய இசைக்குழுக்கள் ஒரே மேடையில் கூடின. இங்கிலாந்தின் ஹென்றி கவ், இத்தாலியின் ஸ்டோர்மி சிக்ஸ், ஸ்வீடனின் சாம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவேர் ஜீரோ, பிரான்ஸின் எத்ரோன் ஃபூ லெலூப்லான் ஆகியவை அவை. நிகழ்ச்சியின் பெயர் 'ராக் இன் ஆப்போசிஷன்'. எதிர்ப்பு என்ற சொல் இங்கு முதன்மையாக இசைத்தட்டு நிறுவனங்களைக் குறித்தது. சந்தைக்கு ஒத்துவராத இசை என்று ஒதுக்கப்பட்டவர்கள், அந்த ஒதுக்கலையே தம் அடையாளமாக்கிக்கொண்டனர். புரோகிரசிவ் ராக்கின் மிகத் துணிச்சலான சோதனைக் குழுக்களைப் பட்டியலிடும் எவரும் இந்த நாளைக் கடக்காமல் போவதில்லை. பாரிஸில் 1969-இல் கிறிஸ்தியான் வாண்டேர் தொடங்கிய மாக்மா, அமெரிக்காவின் ஃபிராங்க் ஸாப்பா, 1973-க்குப் பிந்தைய கிங் கிரிம்சன் ஆகியோரும் அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுவர்.

லண்டன் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன், 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் ஐவர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தனர். மின்கிதாரால் உலகப் புகழ் பெற்றிருந்த ஜான் மெக்லாஃப்லின் அன்று மின்சாரமில்லாக் கிதாரை மடியில் வைத்திருந்தார். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், மிருதங்கத்தில் ராம்நாடு ராகவன், கடத்தில் டி.எச். விநாயக்ராம். குழுவின் பெயர் சக்தி. அன்றைய பதிவு 1976-இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் மூன்றே உருப்படிகள். ஒன்று 18 நிமிடம், மற்றொன்று 29 நிமிடம், இடையில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ஒன்று.

சோதனைக் குழுக்களின் பட்டியல்களில் சக்தியைக் காண்பது அரிது. அது 'ஃபியூஷன்' என்ற வேறொரு அடுக்கில் வைக்கப்பட்டுவிட்டது. இந்த வகைப்பாடு இசைக் காரணங்களால் மட்டும் அமைந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா. விடை தேடப் புகுந்தால், வினா மெல்ல மொழியியலின் எல்லைக்குள் வந்து நிற்கிறது. காரணம், சக்தி மேடைக்குக் கொண்டுவந்தவற்றுள் மிக முக்கியமானது சொற்கட்டு. கருவிகளை விடவும் பழைய வாய்மொழி அது.

2

'புரோகிரசிவ்' என்பதைத் தமிழில் 'முற்போக்கு' என்று பெயர்த்தால் குழப்பம் நேரும். தமிழில் அச்சொல்லை அரசியலும் இலக்கிய இயக்கங்களும் நீண்ட காலம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. இசையில் அது குறித்தது வேறு. மூன்று நிமிடப் பாடல், நான்கு எண்ணிக்கைத் தாளம், காதல் வரிகள் என்ற ராக் இசையின் வரம்புகளை மீறி, நீண்ட அமைப்புகளையும் சிக்கலான தாளங்களையும் நாடிய போக்கு அது. 1969 அக்டோபரில் வெளிவந்த கிங் கிரிம்சனின் முதல் இசைத்தட்டைப் பலர் அதன் தொடக்கப் புள்ளியாகக் கொள்வர்.

இப்போக்கின் வெளிப்படையான அடையாளங்களுள் ஒன்று தாளம். பிங்க் ஃபிளாய்டின் 1973 பாடல் 'மணி' ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மெக்லாஃப்லின் 1971-இல் நியூயார்க்கில் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. இவற்றைக் குறிக்க ஆங்கில இசையுலகம் வழங்கிய சொல் 'ஆட்'. ஒற்றைப்படை என்ற பொருளோடு, இயல்புக்கு மாறானது என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. துருக்கிய இசையியலில் இத்தகைய தாளங்களுக்கு 'ஆக்சாக்' என்று பெயர். நொண்டுவது என்பது அதன் நேர்ப்பொருள். ராக் இன் ஆப்போசிஷனில் பின்னர் இணைந்த பெல்ஜியக் குழுவொன்று அச்சொல்லையே எடுத்து, தன்னை ஆக்சாக் மபூல் என்று அழைத்துக்கொண்டது. இயல்பிலிருந்து விலகுவதே பெருமை என்ற உணர்வு அப்பெயரில் தெரிகிறது.

கருநாடக இசையின் கலைச்சொற்களோடு இதை ஒப்பிடலாம். திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. சொல்லின் வேரைப் பார்த்தால் கண்டம் துண்டையும், மிஸ்ரம் கலப்பையும் குறிப்பவை. ஆகவே இங்கும் பெயர்களில் ஒரு சாய்வு உண்டு. நான்கே இயல்பு என்ற நினைவு முற்றிலும் இல்லை எனச் சொல்ல முடியாது. ஆனால் ஏழு தாளங்களை ஐந்து ஜாதிகளால் பெருக்கி முப்பத்தைந்து என வரிசைப்படுத்தும் முறையில், ஐந்தும் ஏழும் விதிவிலக்குகளாக நிற்கவில்லை. நான்குக்கு என்ன இடமோ அதே இடம் அவற்றுக்கும் உண்டு. மிஸ்ர சாபுவில் அமைந்த கீர்த்தனையைக் கேட்கும் சபா ரசிகர், தாம் ஏதோ சோதனை முயற்சிக்குச் சாட்சியாக இருப்பதாக எண்ணுவதில்லை. தொடையில் தட்டியபடி பக்கத்து இருக்கைக்காரரிடம் அவரால் பேசவும் முடியும்.

தமிழ் யாப்பு மரபு இதற்கும் முந்தைய ஆழத்தைக் காட்டுகிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் இருபது வண்ணங்களைக் கூறுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு அருணகிரிநாதரின் திருப்புகழில் சந்தம், சொல்லுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்ட அச்சாக நிற்கிறது. பொருளற்ற ஒலிக்கூறுகளான தன, தான, தத்த, தந்த போன்றவை முதலில் அச்சை வகுக்க, பாடலின் சொற்கள் அதில் வந்து அமர்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் இம்மரபுக்கு 'வண்ணத்தியல்பு' என இலக்கணமே எழுதினார். பொருள் நீக்கிய ஒலியைக் கொண்டு காலத்தை அளப்பது தமிழுக்குப் புதிதன்று.

3

மெக்லாஃப்லினுக்கு இந்த மரபு எந்த வழியாகச் சென்று சேர்ந்தது? பொதுவாகச் சொல்லப்படும் கதை ஆன்மிகத்தில் தொடங்குகிறது. நியூயார்க்கில் வாழ்ந்த வங்காள குரு ஸ்ரீ சின்மயிடம் அவர் சீடரானார். மகாவிஷ்ணு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இது உண்மையே. ஆனால் பெயர் வந்த வழியும் கணக்கு வந்த வழியும் ஒன்றல்ல.

கணக்கு வந்த வழி, கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற சிற்றூர் வழியாகச் செல்கிறது. அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு 1960-களின் தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக் கலைஞர்கள் ஆசிரியர்களாகச் சென்றனர். மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன், அவருடைய சகோதரரும் புல்லாங்குழல் கலைஞருமான டி. விஸ்வநாதன் ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். இருவரும் வீணை தனம்மாளின் பேரர்கள், டி. பாலசரஸ்வதியின் உடன்பிறந்தவர்கள். ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்ற ராபர்ட் பிரவுன், தென்னிந்திய மிருதங்க வாசிப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். இன்று கடைத்தெருச் சொல்லாகிவிட்ட 'வேர்ல்ட் மியூசிக்' என்ற தொடரை உருவாக்கியவராகவும் அவரே குறிப்பிடப்படுகிறார்.

அதே வெஸ்லியனில்தான் மெக்லாஃப்லின் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். தமிழ் ஆய்வுலகம் ராமநாதனை நன்கறியும். வெஸ்லியனில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, சிலப்பதிகாரத்தில் காணும் இசையைப் பற்றியது. அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் விரித்துரைக்கும் இசை நுட்பங்களைப் பண்ணும் சுரமுமாக மீட்டெடுக்க முயன்ற ஓர் அறிஞரிடம், மின்கிதாரின் பேரொலியிலிருந்து வந்த ஒருவர் கமகம் கற்றார். ராக் இசை வரலாறுகளில் இந்தச் சந்திப்பு பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

எல். சங்கரும் வெஸ்லியன்காரரே. 1974-இல் அங்கு இசையினவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958-ஆம் ஆண்டு இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரத்தைத் தொடர்ந்து குடும்பம் சென்னைக்கு வந்தது. சங்கருக்கு அப்போது எட்டு வயது. முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்த ராம்நாடு ராகவனும் வெஸ்லியனில் கற்பித்தவர். ஆக, சவுத்தாம்ப்டன் மேடையில் அமர்ந்த ஐவரில் மூவர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். சக்தியை ஆசிரமத்தின் பிள்ளை என்று சொல்வதினும் வகுப்பறையின் பிள்ளை என்று சொல்வது பொருந்தும்.

4

இந்த வேறுபாட்டின் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள, அதே ஆண்டுகளின் புனேயைப் பார்க்கலாம். 1974-இல் கோரேகாவ் பார்க்கில் ரஜனீஷின் ஆசிரமம் அமைந்தது. ஜெர்மனியின் சோதனை ராக் சூழலிலிருந்து வந்த கியோர்க் டாய்ட்டர் அங்கு சீடரானார். 1971-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டு 'டி', மின்னொலிகளையும் நாடாப் பதிவுகளையும் கலந்த கரடுமுரடான சோதனை. புனேக்குப் பின் அவருடைய இசை ஆசிரமத்தின் தியான முறைகளுக்கான துணையொலியாக மாறியது; அதன் தொடர்ச்சியில் அவர் 'நியூ ஏஜ்' இசையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இரண்டு வழிகளும் இந்தியாவைத் தேடியவையே. புனே வழியில் வந்தவர் இந்தியாவிடம் அமைதியைக் கேட்டார்; கிடைத்ததும் அமைதியே. மிடில்டவுன் வழியில் வந்தவர் இலக்கணத்தைக் கேட்டார். கோரேகாவ் பார்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 1953 முதல் நடந்துவரும் சவாய் கந்தர்வ விழாவில் விடிய விடிய கயாலும் தபலாவும் ஒலித்துக்கொண்டிருந்த அதே நகரம் அது. தபலாவின் 'போல்'களுக்கும் கடுமையான இலக்கணம் உண்டு. ஆனால் அன்றைய மேற்கத்தியப் பயணிகளுள் பெரும்பாலோருக்குப் புனே என்றால் ஆசிரமம் என்றே பொருள்பட்டது. இந்தியா என்றதும் மௌனம், தியானம், முடிவின்மை என்று எண்ணும் பழக்கம் ஆழமானது. இந்தியா என்றதும் பெருக்கல், வகுத்தல், மீதி என்று எண்ணும் பழக்கம் இன்றும் அரிது. சக்தி 'சோதனை' அடுக்கில் வைக்கப்படாமைக்கு இப்பழக்கமும் ஒரு காரணம். ஆன்மிகமாகக் கேட்கப்பட்ட இசை, அறிவின் உழைப்பாகக் கேட்கப்படுவதில்லை.

5

சக்தியின் சோதனை எது என்பதைத் துல்லியமாகக் கூறவேண்டும். ஐந்திலும் ஏழிலும் வாசித்தது மேற்குக்கு வியப்பு. சென்னைக்கு அது அன்றாடம். ஒரே நிகழ்ச்சி இரண்டு ஊர்களில் இரண்டு பொருள் தருகிறது.

மேற்கின் பக்கத்திலிருந்து பார்த்தால், முதற் சோதனை துறவு. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா புகழின் உச்சத்திலிருந்தபோது அதன் வழியை விட்டு, டிரம்ஸ் இல்லை, பேஸ் கிதார் இல்லை, மின்பெருக்கத்தின் ஆரவாரம் இல்லை என்று ஒருவர் முடிவெடுத்தார். சோதனை என்றால் கருவிகளைக் கூட்டுவது என்று ராக் உலகம் நம்பிய காலம் அது. அடுத்தது கருவியின் மாற்றம். ஏப்ரகாம் வெக்டர் அவருக்காகச் செய்த கிதாரில் விரல்பலகை மெட்டுகளுக்கிடையே குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. கம்பியை அழுத்தி, இழுத்து, சுரத்தை வளைக்க அது இடம் தந்தது. ஒலித்துளையின் குறுக்கே தனி ஒத்திசைவுக் கம்பிகளும் ஓடின. கிதாரை வீணையின் இலக்கணத்துக்குப் பழக்கிய முயற்சி இது.

சென்னையின் பக்கத்திலிருந்து பார்த்தால் சோதனை வேறிடத்தில் இருக்கிறது. கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மானாமதுரை போன்ற ஊர்களில் மண் பிசைந்து சுடப்படும் அந்தக் குடம் மிருதங்கத்துக்குப் பின்னே வருவது. தனியாவர்த்தனத்தில் தனக்குரிய முறை வரும்வரை காத்திருப்பது. ராகவன் முதல் இசைத்தட்டோடு விலக, 1976, 1977 ஆண்டுகளின் அடுத்த இரு இசைத்தட்டுகளிலும் தென்னிந்தியத் தாளத்தின் முழுப் பொறுப்பும் விநாயக்ராமின் கடத்தின்மீது வந்தது. இந்துஸ்தானித் தபலாவோடு சரிநிகராக உரையாடியது அது. மேடையின் படிநிலையில் கடைசியிலிருந்த கருவி நடுவுக்கு வந்தது. பாடகரோ முதன்மைக் கலைஞரோ இல்லாத மேடை, வடக்கும் தெற்கும் ஒரே அடிக்குள் நிற்கும் மேடை, சென்னையின் எந்த சபாவும் அன்று எளிதில் அனுமதித்திராத ஒன்று. சக்தியின் புரட்சி கணக்கில் இல்லை. உட்காரும் வரிசையில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழும். ராக் இன் ஆப்போசிஷன் குழுக்களின் தாள உடைவுகள் ஆறுதலளிக்க மறுப்பவை. சீர்குலைவைச் சீர்குலைவாகவே விட்டுவிடும் அவ்வழக்கத்துக்கு ஓர் அரசியல் நோக்கமும் இருந்தது. கருநாடகக் கணக்கோ எவ்வளவு விலகினாலும் சமத்தில் வந்து சேர்கிறது. எளிய எடுத்துக்காட்டு: ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை எனில் மொத்தம் 32. 'ததிங்கிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை சொல்லி, இடையில் இருமுறை இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் 5, 2, 5, 2, 5 எனக் கூட்டு 19. ஆகவே 13 மாத்திரைகள் கழிந்த பின், நான்காம் அட்சரத்தின் இரண்டாம் மாத்திரையில் தொடங்கினால்தான் தீர்மானம் சரியாகச் சமத்தில் விழும். ஐந்தும் நான்கும் முட்டிக்கொள்ளும் பதற்றம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் தீர்கிறது. ஐரோப்பியச் சோதனைக் குழுக்கள் சட்டகத்தையே மாற்றின; கருநாடகக் கலைஞர் சட்டகத்தை அசையாமல் வைத்து, அதற்குள் அது தாங்குமா என்று சோதிக்கிறார். இரண்டு அழகியல்களும் வேறு. ஒன்றை மற்றொன்றின் முதிராத வடிவமாகக் கொள்வது பிழை.

6

மாக்மாவுக்கு வருவோம். வாண்டேர் தம் குழுவுக்காக 'கோபையன்' என்ற மொழியைப் படைத்தார். 1970-இன் முதல் இசைத்தட்டிலிருந்து அக்குழு பெரும்பாலும் அம்மொழியிலேயே பாடியது. ஜெர்மானிய, ஸ்லாவிய மொழிகளின் ஒலிச்சாயல் கொண்ட அதன் சொற்களுக்கு ஓரளவு பொருளும் சொல்லப்பட்டது. கற்பனைக் கோள் ஒன்றின் வரலாற்றைப் பாடும் மொழி அது. பிரெஞ்சு மொழியால் தமக்கு வேண்டிய ஒலிவன்மையைத் தர முடியவில்லை என்பது வாண்டேரின் கருத்து. புரோகிரசிவ் ராக்கின் மொழிச் சோதனைகளில் இதுவே உச்சமாகக் கருதப்படுகிறது.

சொற்கட்டை அதனருகில் வைத்தால் ஒரு முக்கியமான வேறுபாடு புலப்படும். கோபையன் அறியாத மொழியின் தோற்றத்தைத் தருகிறது. அதன் விளைவு புதிர்த்தன்மை. சொற்கட்டு எதையும் மறைத்து வைக்கவில்லை. எல்லாச் சொல்லும் பொருள் குறிப்பதே என்ற கொள்கையைத் தொல்காப்பியத்தில் வைத்த மரபு, பொருள் குறிக்காத இவ்வொலித் தொடர்களுக்குச் 'சொல்' என்றே பெயரிட்டது. இதை முரணாகக் கொள்ளவேண்டியதில்லை. இங்கே சொல்லின் பொருள் அதன் கால அளவு. 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு, 'தகதகிட' ஐந்து. இரண்டையும் மூன்றையும் சேர்த்தால் புதிய சொல் பிறக்கிறது. வரிசைமுறை விதிகள் உண்டு, பிழை உண்டு, பிழையைக் கேட்டவுடன் அறியும் சமூகமும் உண்டு. அகராதிப் பொருள் நீங்கலாக, மொழிக்கு வேண்டிய பெரும்பாலான இயல்புகள் இங்குள்ளன.

ஒலியியல் நோக்கில் மேலும் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, தமிழ்ப் பேச்சில் உயிர்களுக்கிடையே வரும் தனி வல்லினம் மெலிந்து ஒலிக்கும். 'தகவு' என்பதன் ககரமும் 'இடம்' என்பதன் டகரமும் அவ்வாறே. ஆனால் 'தகிட' என்று சொல்லும் வித்துவானின் ககரமும் டகரமும் பெரும்பாலும் முழு வல்லினமாகவே வெடிக்கின்றன. 'தகதிமி'யில் முதல் தகரமும் மூன்றாம் எழுத்தான தியும் ஒரே எழுத்து வரிசையைச் சேர்ந்தவை; ஒலிப்பில் முதலது அதிர்வில்லா ஒலி, பின்னது அதிர்வொலி. தமிழ் வரிவடிவம் காட்டாத ஒரு வேறுபாட்டை இவ்வாய்மொழி விடாமல் காப்பாற்றி வருகிறது. தமிழின் ஒலியனியல் விதிகள் விலக்கி வைக்கப்படும் தனிக்களம் இது.

இரண்டாவது, வேகம். 'தகதிமி'யில் நுனிநா, அடிநா, நுனிநா, இதழ் என உறுப்புகள் மாறிமாறி உழைக்கின்றன. ஓர் உறுப்பு ஒலியை முடிக்கும்போதே மற்றொன்று ஆயத்தமாகிறது. புல்லாங்குழல் கலைஞர்கள் இரட்டை நாவடிக்கு நுனிநாவையும் அடிநாவையும் மாற்றிப் பயன்படுத்துவதும் இதே தத்துவம்தான். 'தத்ததத' என்று எவராலும் நெடுநேரம் விரைந்து சொல்ல முடியாது. 'தகதிமி தகஜுணு' என்று முடியும். மனித வாயின் இயந்திரவியலைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்த தொடர்கள் இவை. சோதனைக்கூடம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இசையில் உண்டா என்று கேட்கலாம்.

7

அந்தச் சோதனைக்கூடத்தில் உழைத்தவர்கள் யார் என்பது வரலாற்று வினா மட்டுமன்று. தவில் கலைஞர்களும் நட்டுவனார்களும், அவர்களுள் பெரும்பாலோர் இசைவேளாளர் மரபினர், கோயில் வீதியிலும் சலங்கையொலியிலும் சொற்கட்டை வளர்த்தனர். மன்னார்குடி பக்கிரியா பிள்ளை கொன்னக்கோல் கலைஞராகவே கச்சேரி மேடையில் புகழ் பெற்றவர். பின்னாளில் கொன்னக்கோல் தனி உறுப்பாக மேடையிலிருந்து ஏறத்தாழ மறைந்து, பாடம் சொல்லும் வகுப்பறைக் கருவியாகச் சுருங்கியது. தமிழ்நாட்டு மேடை கைவிட்டதை வெளிநாட்டு மேடை எடுத்துக்கொண்டது என்பதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

வெளிநாட்டு மேடைகளின் கதை சக்தியோடு நிற்கவில்லை. 1978 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் ஃபிராங்க் ஸாப்பாவின் குழுவோடு எல். சங்கர் வாசித்த உருப்படியின் பெயர் 'தேர்ட்டீன்'. பெயரே அதன் எண்ணிக்கை. அடுத்த ஆண்டு சங்கரின் 'டச் மீ தேர்' இசைத்தட்டை ஸாப்பாவே தயாரித்தார். ஜெனிசிஸ் குழுவிலிருந்து விலகிய பீட்டர் கேப்ரியல் 1989-இல் வெளியிட்ட 'பேஷன்' இசைத்தட்டிலும் சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கிறது. மியூனிக்கின் எம்பிரியோ குழு 1970-களின் இறுதியில் பேருந்தில் ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்தது, பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு அக்குழு இணைந்து வாசித்தது. அங்கு பாடியவரும் கொன்னக்கோல் சொன்னவரும் ஆர்.ஏ. ரமாமணி. ஆண்களின் பெயர்களால் நிறைந்த இவ்வரலாற்றில் அவர் குரல் தனித்து ஒலிக்கிறது.

இவ்வளவும் நடந்த பின்னும், மேற்கத்திய இசை வரலாறுகளில் இக்கலைஞர்கள் பெரும்பாலும் 'தாக்கம்' என்ற தலைப்பின் கீழ் வருகின்றனர். தாக்கம் என்ற சொல் தன்வினையற்றது. காற்றைப் போல, தட்பவெப்பத்தைப் போல, ஒரு பண்பாடு மற்றொன்றின் மீது வீசியதாக அது காட்டும். ராமநாதன் பாடம் நடத்தினார், ரங்கநாதன் மாணவர்களைத் திருத்தினார், விநாயக்ராம் ஒவ்வொரு இரவும் கணக்கை முடித்து வைத்தார் என்ற வினைகள் அதில் கரைந்துவிடுகின்றன. யார் சோதித்தார், யார் சோதிக்கப்பட்ட பொருளானார் என்பதை இலக்கணமே முடிவு செய்துவிடுகிறது. எழுவாயாக வரவேண்டியவர்கள் வேற்றுமை உருபுக்குள் அடங்கிப்போகின்றனர்.

8

1997-இல் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் புதிய வடிவில் குழுவை எழுப்பினர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் அதில் இணைந்தனர். 2014-இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு 2023-இல் வந்த 'திஸ் மொமெண்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். இதற்கிடையே தென்னிந்தியாவில் வேறொரு தலைமுறை எழுந்தது. கொச்சியின் மதர்ஜேன் 2008-இல் வெளியிட்ட 'மக்தூப்' இசைத்தட்டில் பைஜு தர்மஜனின் மின்கிதார் கமகத்தோடு பேசுகிறது. பெங்களூரின் அகம் குழு கீர்த்தனைகளைப் புரோகிரசிவ் ராக்கின் உடலில் ஏற்றியது. மெக்லாஃப்லின் மேற்கிலிருந்து புறப்பட்டு வந்த பாதையை இவர்கள் எதிர்த்திசையில் நடக்கின்றனர்.

ஆய்வுலகின் முன் நிற்கும் பணியும் தெளிவானது. ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் 2008-இல் சொற்கட்டுக்கென ஆங்கிலத்தில் பயிற்சி நூல் எழுதினார். மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் கொன்னக்கோல் பாடத்தைக் காணொளியாகவே வெளியிட்டனர். இசைக்கான பாடநூல்கள் உண்டு. மொழியியல் நோக்கில், தமிழின் ஒலியனியலோடு ஒப்பிட்டு, தவில், மிருதங்கம், நட்டுவாங்கம் என்ற மூன்று மரபுகளின் சொற்களையும் வட்டார, குருகுல வேறுபாடுகளோடு தொகுக்கும் பணி தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் சேர்ந்து செய்யவேண்டியது. இம்மொழியை வாயில் வைத்திருக்கும் முதிய கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது நடக்கவேண்டும். ஒலிப்பதிவுக் கருவிக்கு இன்று செலவே இல்லை. தேவைப்படுவது அவர்களருகில் போய் உட்காரும் பொறுமை.

சவுத்தாம்ப்டன் பதிவை இன்று கேட்பவர், உருப்படி முடிந்ததும் எழும் கைதட்டலைக் கவனிக்கலாம். அக்கூட்டத்தில் தாளம் போட்டு, தீர்மானம் சமத்தில் விழுந்ததை விரலால் உறுதி செய்துகொண்டவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர். ஏனையோருக்கு அது கட்டற்ற விடுதலையின் ஒலி. மேடையிலிருந்தவர்களுக்கோ ஒரு மாத்திரையும் மிச்சமின்றி முடிந்த கணக்கு. வரலாறு அந்தக் கைதட்டலை நன்றாகவே எழுதிவிட்டது. கணக்கை எழுதுவது இன்னும் மிச்சமிருக்கிறது.